அத்தையின் ஜிமெயில்

திங்கள்

இரவு போடிநாயக்கனூரிலிருந்து அத்தை பேசினார். "ஏப்பா, என் ஜிமெயிலைத் திறக்க முடியலப்பா. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ஓடிபி பழைய நம்பருக்குல்ல போகுதாம்."

அத்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியை. ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறிப் போகிற பெண்களிடம் தாலாட்டும் கும்மிப் பாட்டும் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறார். எல்லாம் அந்தக் கணக்கின் கூகுள் டிரைவில்தான் இருக்கின்றன, வேறெங்கும் பிரதி இல்லை. பாடியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

கடைசியாகக் கணக்கைத் திறந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். அதுதான் கவலை. 2 ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அழிக்கும் வேலை அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. கணக்கு போனால் அதிலுள்ள அஞ்சல், படம், கோப்பு எல்லாம் சேர்ந்தே போகும்.

செவ்வாய்

அத்தையின் பழைய எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். ஓர் இளைஞர் எடுத்தார். "இந்த நம்பர் எனக்குக் கொடுத்து ரொம்ப நாளாச்சுங்களே" என்றார்.

நடந்தது இதுதான்: பேரன் புது சிம் வாங்கித் தந்ததும் பழையதற்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். துண்டிக்கப்பட்ட எண் நம்முடையதாகவே காத்துக் கிடப்பதில்லை. குறைந்தது 90 நாள்கள் அதை யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதன் பிறகு அது இன்னொருவர் கைக்குப் போகலாம். ஆனால் நம் அஞ்சல் கணக்குக்கும் வங்கிக்கும் ஆதாருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேராது. அவை பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும்.

அந்தத் தம்பியிடமே ஓடிபி கேட்டால் என்ன என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். முகம் தெரியாதவரிடம் ஓடிபி கேட்கிற யாரையும் நம்பாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, நாமே அதைச் செய்யக் கூடாது. கேட்டாலும் அவர் மறுப்பதுதான் சரி.

வியாழன்

அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர் இணையத்தில் தேடி, 'கஸ்டமர் கேர்' என்று ஓர் எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நல்லவேளை, அத்தை அழைப்பதற்கு முன் என்னைக் கேட்டார். பாஸ்வேர்டை மீட்டுத் தருவதாகச் சொல்லும் எந்த வெளிச் சேவையோடும் தனக்குத் தொடர்பில்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் முதலில் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், பிறகு திரையைப் பார்ப்பார்கள், கடைசியில் வங்கிக் கணக்கில் கைவைப்பார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். அத்தை அந்த 1930ஐக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார்.

சனி

காலையிலேயே போடிக்கு வந்துவிட்டேன். மதுரையில் என் லேப்டாப்பிலிருந்தே முயன்றிருக்கலாம். ஆனால் கணக்கை மீட்கும்போது கூகுள் கவனிப்பவற்றில் முக்கியமானவை கருவியும் இடமும். வழக்கமாகத் திறந்த கணினி, வழக்கமான பிரவுசர், வழக்கமான வீட்டு வைஃபை என்றால் உரியவர்தான் கேட்கிறார் என்று நம்புவதற்குக் காரணம் கூடுகிறது.

பீரோவின் கீழ்த்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த அத்தையின் பழைய லேப்டாப்பை எடுத்து சார்ஜ் போட்டோம். மீட்புப் பக்கத்தைத் திறந்து முகவரியை இட்டோம். நினைவில் இருக்கும் கடைசி பாஸ்வேர்டைக் கேட்டது. அத்தை கண்ணை மூடி யோசித்து, தான் முதலில் வேலை பார்த்த ஊரின் பெயரையும் சேர்ந்த ஆண்டையும் சேர்த்து அடித்தார். எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகாமல் தெரிந்த வரை பதில் சொல்வது நல்லது. பதில் தவறானால் அதற்காக வெளியே தள்ளிவிட மாட்டார்கள்.

அடுத்து பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்பவா என்று கேட்டது. 'வேறு வழி' என்பதை அழுத்தினோம். பாதி மறைக்கப்பட்ட ஒரு மின்னஞ்சல் முகவரி வந்தது. முதல் எழுத்துகளைப் பார்த்ததுமே அத்தை நிமிர்ந்தார். "இது நம்ம கணக்கு டீச்சரோடது! அவங்கதானே எனக்கு இதை ஆரம்பிச்சுக் கொடுத்தாங்க."

உடனே அவருக்குப் போன் போட்டார். பல ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் பழகிய குரல், இரு பக்கமும் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் ஆறு எண்களை நிறுத்தி நிறுத்திப் படிக்க, அத்தை ஒவ்வொன்றாக அடித்தார். புது பாஸ்வேர்டு கேட்டது. கணக்கு திறந்தது.

டிரைவில் முதலில் கண்ணில் பட்ட கோப்பைத் திறந்தோம். ஜீப் இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழவியின் தாலாட்டு.

ஞாயிறு

இன்று முழுவதும் ஒழுங்குபடுத்துகிற வேலை. ஒலிக்கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். மீட்பு எண்ணை மாற்றினோம். மாற்றிய பிறகும் 7 நாள்கள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு போகும் வாய்ப்பு உண்டு. திருடன் நுழைந்து எண்ணை மாற்றினாலும் உரியவர் திரும்பப் பெறுவதற்காக வைத்த ஏற்பாடு அது. இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கி, அதில் கிடைக்கும் 10 காப்புக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்தோம். போன் கையில் இல்லாத நாளில் அவை உதவும். ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட காலம் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லிவைக்கும் வசதியும் இருக்கிறது. அதில் அத்தை தன் மகள் பெயரைக் கொடுத்தார்.

பாஸ்வேர்டு எல்லோருக்கும் மறக்கும், வயதானவர்களைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. மறந்த பிறகு நம்மை அடையாளம் காட்ட எதை விட்டுவைத்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு திரும்புமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. அத்தைக்குக் கைகொடுத்தது, என்றோ ஒரு தோழி சேர்த்து வைத்த முகவரி.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பழைய சிம்மை நிறுத்துவதற்கு முன், அந்த எண் எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அஞ்சல், வங்கி, ஆதார், ஓய்வூதியம் என எல்லாவற்றிலும் புது எண்ணை ஏற்றிய பிறகு பழையதை விடுங்கள். அதுவரை ரீசார்ஜ் செய்து அதை உயிரோடு வைத்திருங்கள்.