புகை போகும் வழி

வீட்டைப் பழுதுபார்ப்பது கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் பொறுத்த காரியமன்று. பழுது அதிகமாகவும் கைப்பணம் குறைவாகவும் இருக்கும்போது, எதை முதலிற் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற வினா எழுகின்றது. அவ்வினாவுக்கு ஒரு குடும்பம் அளிக்கும் விடையிலே, அங்கு யாருடைய சுகம் பெரிதாக மதிக்கப்படுகின்றது என்பது வெளிப்பட்டுவிடும்.

மஸ்கெலியாவில், மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாக உள்ள பழைய வீடொன்றில் நாம் வாழ்ந்து வருகின்றோம். வீட்டிலும் பார்க்க வாவி இளையது. 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை எழுப்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. மேட்டிலே நின்ற இவ்வீடு தப்பியது. நீர் அதன் காலடிவரை வந்து நின்றது. கடும் வரட்சியில் நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேறு படிந்த சுவர்களோடு வெளித்தோன்றுவதை இன்றும் காணலாம்.

எமது வீட்டுக்குப் புகைபோக்கிகள் இரண்டு. ஒன்று முன் மண்டபத்துக் கணப்படுப்பின் மேலே கருங்கல்லால் அழகாக எழுப்பப்பட்டது. மற்றது சமையலறையின் மேலே செங்கல்லாற் கட்டப்பட்டது. இரண்டும் வாவியை நோக்கிய பக்கத்திலேயே மிகுதியாகச் சிதைந்துள்ளன. காரணம் வெளிப்படை. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தடுப்பார் யாருமின்றி நீர்ப்பரப்பைக் கடந்துவந்து மழையை அந்தப் பக்கத்திலேயே அறைகின்றது.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்ததும் அயல் தோட்டத்திலிருந்து மேசன் ஒருவரை அழைத்தோம். அறுபது வயதைத் தாண்டிய அவர், முதலிற் புகைக்கரியைச் சுரண்டி இறக்கினார். பின் அடுப்பிலே ஈர வைக்கோலைப் புகையவிட்டு, புகைபோக்கியின் உச்சியை நனைந்த சாக்கினால் மூடினார். சிறிது நேரத்தில் சமையலறைச் சுவரின் நான்கைந்து வெடிப்புகளினூடாகப் புகை கசியத் தொடங்கிற்று.

"சுண்ணாம்புல கட்டுன செங்கல்லு சேர் இது. யாரோ மேல சீமெந்து பூசிட்டாங்க. உள்ள போன ஈரம் வெளிய வரமுடியாம கல்ல தின்னுருச்சு" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. பழைய செங்கல் மென்மையானது. ஈரத்தை உறிஞ்சி, காய்ந்த காலத்தில் வெளிவிடும் இயல்புடையது. சுண்ணாம்புச் சாந்து அதற்கு இடங்கொடுக்கும். கடினமான சீமெந்துப் பூச்சோ அவ்வழியை அடைத்துவிடும். கணப்படுப்பைப் பார்த்தபோதும், "தொண்டை சுருங்கினாத்தான் பொக ஏறும்" என்றார். இதே கருத்தை ரம்போர்ட் பிரபு 1796இல் இலண்டன் வீடுகளின் புகைத் தொல்லையை நீக்கும்பொருட்டுக் கட்டுரையாக எழுதினார். எமது மேசன் அப்பெயரைக் கேட்டவரல்லர். கைத்தொழிலின் வழியே அதே உண்மையை வந்தடைந்தவர்.

இரண்டையும் ஒருங்கே திருத்தும் வசதி எமக்கு இல்லை. கொழும்பிலுள்ள மைத்துனர், முன் மண்டபத்துப் புகைபோக்கியையே முதலிற் கட்டவேண்டும் என்றார். மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்கு வருவோருக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விடலாம். குளிரில் வருவோர் கணப்படுப்பை விரும்புவர். அவ்வருமானத்தைக் கொண்டு சமையலறையைப் பின்னர் திருத்தலாம் என்பது அவரது கணக்கு. அக்கணக்கை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பெருந்துணையாகும்.

ஆயினும் சமையலறையிலே எமது மாமியார் இருமிக்கொண்டிருந்தார். 2022ஆம் ஆண்டு எரிவாயு கிடைக்காது நாடே வரிசையில் நின்றபோது, தேயிலை மிலாறுக்குத் திரும்பிய அடுப்பு அது. பின்பு எரிவாயு வந்தபோதும் அதன் விலை, சோறு வேகும் அடுப்பை விறகிலேயே நிறுத்திவிட்டது. வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் மாசுற்ற காற்றினால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

சமையலறையே முதலில் என்று தீர்மானித்தோம். திட்டம் இது: தை பிறந்ததும் வேலை தொடங்கும். சீமெந்துப் பூச்சை உரித்து, இணைப்புகளை ஓரங்குல ஆழம் கீறியெடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த சாந்தினால் நிரப்பவேண்டும். சாந்து விரைந்து காயாதவாறு ஈரச் சாக்குகளாற் போர்த்தி வைக்கவேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலுள்ள கிழிந்த ஈயத் தகட்டை மாற்றவேண்டும். உச்சி, கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து மூன்றடியேனும், பத்தடிக்குள் உள்ள எதனிலும் பார்க்க இரண்டடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். எமது புகைபோக்கி மண்டப முகட்டினும் தாழ்ந்து நிற்பதாலேயே வாவிக்காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளுகின்றது. சாந்து இறுகும்வரை பின்புறத் தகரக் கொட்டகையிற் சமையல் நடக்கும். முன் மண்டபத்துப் புகைபோக்கிக்கு இவ்வாண்டு ஒரு தகர மூடி போதும்.

இதனைக் கேட்ட மேசன், "நல்ல காரியம் சேர். எங்க காம்பராவுல சிம்னியே கெடயாது. தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல இருக்குற சந்துதான் பொகைக்கு வழி. பொஞ்சாதி பகல்ல கொழுந்து பறிக்கிறா, ராவுல பொகைய குடிக்கிறா" என்றார்.

"நீங்கள் எத்தனை பங்களாக்களுக்குக் கட்டியிருப்பீர்கள்! உங்கள் வீட்டுக்கு ஒன்று கட்டிக்கொள்ளக் கூடாதா, அண்ணே?" என்று கேட்டோம்.

"வீடு எங்களுதா சேர்? செவுத்துல ஒரு ஓட்ட போடணும்னாலும் தொரைகிட்ட கேக்கணும். ரெண்டு தடவ கேட்டாச்சு."

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் லயக் காம்பராக்களைக் கட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டத்துரைமாருக்குப் புகைபோக்கியின் அருமை தெரியாததன்று. தமது பங்களாக்களுக்கு அதனை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். புகை யாரை வருத்தலாம், யாரை வருத்தலாகாது என்ற பாகுபாட்டை அவர்கள் சுவரிலேயே கட்டிவைத்துச் சென்றனர். அச்சுவர்கள் பல இன்னும் நிற்கின்றன.

மலையகத்து மக்களின் காணியுரிமை பற்றி மேடைகளிற் பேசப்படும்போது அதனைப் பத்திரமும் பேர்ச்சஸ் கணக்குமாகவே பலர் எண்ணிக்கொள்கின்றனர். கைத்திறனும் கல்லும் சுண்ணாம்பும் இருந்தும், தன் மனைவியின் அடுப்புக்கு மேலே ஒரு துவாரம் இட இயலாத மனிதருக்கு அவ்வுரிமையின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. அத்துவாரத்தை எவரிடமும் கேளாது இடுவதற்கான உரிமையே அது.