வாடகைக்கு வந்த பெரும்பான்மை

பழவேற்காட்டைப் பூநாரைகளாலும் டச்சுக்காரர்களின் கல்லறைகளாலும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அங்கே நாணயம் அச்சிடப்பட்டதை நினைப்பவர்கள் குறைவு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தனது ஜெல்டிரியா கோட்டையில் அக்கசாலை அமைத்துச் செப்புக் காசுகளை வெளியிட்டது. காசுக்கு உறுதி அதன் மேலிருந்த முத்திரை. முத்திரைக்கு உறுதி கோட்டையும் பீரங்கியும். இன்று அதே ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் இளைஞர்களின் கைபேசிகளில், கோட்டையும் முத்திரையும் இல்லாத நாணயங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

அப்பகுதி மீனவக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர், தமது சேமிப்பின் ஒரு பகுதியை அதிகம் அறியப்படாத கிரிப்டோ நாணயம் ஒன்றில் போட்டிருந்தார். "யாருமே காவல் இல்லாத கணக்கை எல்லாரும் எப்படி ஐயா நம்புகிறார்கள்?" என்று ஒருநாள் கேட்டார். பணத்தைப் போட்டுவிட்டுக் கேட்ட கேள்விதான். ஆனாலும் நல்ல கேள்வி. இலக்கணம் பயிற்றும் நமக்கு இத்துறை புதிது. படித்துத் தெளிந்த அளவில் இங்கே எழுதுகிறோம்.

2008-இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரையும், 2009-இல் இயங்கத் தொடங்கிய பிட்காயினும் இக்கேள்விக்கு ஒரு விடை தந்தன. பேரேடு ஒருவர் கையில் இல்லை. அதன் படி உலகெங்கும் பல கணினிகளில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து, ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைக்கிறார்கள். ஒரு தொகுதியைச் சேர்க்க விரும்புபவர் மிகக் கடினமான கணக்கொன்றைப் போட்டு விடை காண வேண்டும். அதற்கு எந்திரமும் மின்சாரமும் செலவாகும். இரண்டு சங்கிலிகள் முரண்பட்டால், எதில் அதிக உழைப்பு செலவாகியிருக்கிறதோ அதுவே மெய்யானது என்பது விதி. ஆள் யார் என்று விதி கேட்பதில்லை. கணிப்பு வலுவை மட்டுமே எண்ணுகிறது.

வலுவின் பாதிக்கு மேல் ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவர் தமது நாணயங்களை ஒரு பரிமாற்றகத்துக்கு அனுப்பி விற்கிறார். கிடைத்ததை வேறு நாணயமாக மாற்றி வெளியே எடுத்துக்கொள்கிறார். அதே வேளையில், அந்த விற்பனையே நடக்காத இன்னொரு சங்கிலியை மறைவில் வளர்த்து வருகிறார். அது நீண்டதும் வெளியிடுகிறார். கணினிகள் எல்லாம் விதிப்படி அதனை ஏற்கின்றன. பழைய பக்கங்கள் தள்ளுபடியாகின்றன. விற்ற நாணயம் மீண்டும் அவர் கைக்கே வந்துவிடுகிறது. பிறருடைய பணப்பையை அவர் நேரடியாகத் திறக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பரிமாற்றகம் ஏமாந்த செய்தி பரவியதும், நாணயத்தின் மேலிருந்த நம்பிக்கை சரிகிறது. அதைச் சேமிப்பாக வைத்திருந்த எளியவரும் நட்டப்படுகிறார். இங்கே விதி மீறப்படவில்லை என்பதே நம்மைத் திடுக்கிட வைத்தது. விதி அப்படியே கடைப்பிடிக்கப்பட்டுத்தான் அநீதி நடக்கிறது.

பிட்காயினில் இதைச் செய்ய ஆகும் செலவு மலைக்க வைப்பது. சிறு வலையமைப்புகளின் நிலை வேறு. பெரிய நாணயம் பயன்படுத்தும் அதே வகைக் கணக்கைத்தான் பல சிறு நாணயங்களும் பயன்படுத்துகின்றன. பெரியதற்காக ஓடும் எந்திரங்களில் ஒரு சிறு பங்கைத் திருப்பிவிட்டாலே சிறியதில் பெரும்பான்மை கிடைத்துவிடும். எந்திரங்களை விலைக்கு வாங்கவும் வேண்டாம். கணிப்பு வலுவை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இணையச் சந்தைகள் இருக்கின்றன.

2018 மே மாதம் பிட்காயின் கோல்டு இவ்வாறு தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்புள்ள நாணயங்கள் இருமுறை செலவழிக்கப்பட்டன. எத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியில் ஒருமுறையும், 2020 ஜூலை இறுதிக்கும் ஆகஸ்டு இறுதிக்கும் இடையே மூன்று முறையும் தாக்குண்டது. அம்மூன்றில் முதலாவதற்குச் சுமார் 2 லட்சம் டாலர் வாடகை செலவாகியிருக்கும் என்றும், இருமுறை செலவழிக்கப்பட்டது 56 லட்சம் டாலர் என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். அதன் பின் பரிமாற்றகங்கள் ஒரு வரவை உறுதி செய்யக் காத்திருக்கும் நேரத்தை மிகவும் நீட்டின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் இந்த உழைப்பு முறையையே கைவிட்டபோது, வேலையிழந்த எந்திரங்கள் பல எத்தீரியம் கிளாசிக்குக்கு வந்து அதன் வலுவைக் கூட்டின. அதன் பாதுகாப்பும் அபாயமும் பக்கத்துப் பெரியவரின் முடிவைச் சார்ந்தே இருந்தன.

இதைப் படித்தபோது அம்மாணவரின் ஊர் வழக்கமே நம் நினைவுக்கு வந்தது. பழவேற்காட்டு ஏரியில் முகத்துவாரத்தை அடுத்த நல்ல இறால் நிலைகளுக்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம் முதலிய பாட்டுரிமைக் குப்பங்களைச் சேர்ந்தோர் முறை வைத்து அங்கே வலை கட்டுவர். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டில் விழும். உரிமை வலையின் பெருக்கத்துக்கு உரியதன்று. ஊரில் தலைக்கட்டாக ஏற்கப்பட்ட ஆளுக்கு உரியது. ஒருவர் பத்து வலை வாங்கினாலும் அவரது முறை பத்தாகாது. சென்னையிலிருந்து நூறு பேரைக் கூலிக்கு அமர்த்திப் பாட்டில் பெரும்பான்மை பெற முடியாது. வாடகைக்குக் கிடைக்காத ஒன்றை, அதாவது ஊரார் அறிந்த முகத்தை, அந்த முறை எண்ணுகிறது.

இவ்வளவில் நிறுத்திப் பாட்டைப் போற்றிவிட்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். அந்தக் கதவு பிறப்பினால் திறப்பது. பட்டினவர் அல்லாதார்க்கு அதில் இடமில்லை. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்குப் பாடு என்றும் உரியதாக இருந்ததில்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பின்னர், வெளியே நின்ற குப்பங்களும் பங்கு கேட்டன, பூசல்கள் எழுந்தன. கிரிப்டோ நாணயமோ குலமும் ஊரும் கேளாமல் எவரையும் உள்ளே விடுகிறது. அம்மாணவரை ஈர்த்ததும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் எவரையும் கேளாமல் உள்ளே விடும் வாசல், கூலிப்படையையும் கேளாமல்தான் உள்ளே விடும்.

அவரிடம் பணத்தை எடுத்துவிடு என்றோ வைத்திரு என்றோ நாம் சொல்லவில்லை. அதற்கான தகுதி நமக்கில்லை. எந்தச் சிறு நாணயத்தில் சேர்வதற்கு முன்னும் ஒரு கணக்கைப் பார்க்கச் சொன்னோம்: அந்த வலையமைப்பின் பாதிக்கு மேற்பட்ட வலுவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்க என்ன செலவாகும், அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுருட்ட முடியும். முதல் தொகை சிறிதாகவும் இரண்டாவது பெரிதாகவும் இருக்குமானால், இதுவரை ஒருவரும் தாக்கவில்லை என்பதை மட்டுமே நம்பி அந்த நாணயம் நிற்கிறது. அவர் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சென்றிருக்கிறார்.