போர்க்களமும் ஒரு தபால்தலை ஆல்பமும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், 'இப்படி நடந்திருந்தால்' என்று கற்பனை செய்கிற மாற்று வரலாற்று நாவல்கள் எல்லாம் ஏன் யுத்தத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகின்றன?" ரிட்டயர்ட் வரலாற்று வாத்தியாரிடம் இப்படிக் கேட்டால் சும்மா விடுவேனா? போனில் சொல்லி முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

யுத்தத்தை எடுத்துக்கொள்வது எழுதுகிறவர்களுக்கு வசதி. ஒரே நாளில் வரலாறு திசைமாறியதாகக் காட்டிவிடலாம். 1930-ல் சர்ச்சிலே இப்படி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க்கில் தெற்கத்தியத் தளபதி லீ ஜெயித்துவிட்ட உலகத்தில் உட்கார்ந்து எழுதுவதுபோல. கெட்டிக்காரத்தனமான எழுத்துதான். ஆனால் தளபதிகளும் தலைவர்களும் நடமாடுகிற அந்த உலகத்தில் ரொட்டி விலை கேட்கிற ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால், யார் ஜெயித்தார் என்பதைச் சொல்ல ஒரு வரி போதும். மறுநாள் காலையில் கடையைத் திறந்தவன் என்ன செய்தான் என்று சொல்லத்தான் நாவல் வேண்டும்.

ஃபிலிப் ராத் 2004-ல் எழுதிய 'த பிளாட் அகெய்ன்ஸ்ட் அமெரிக்கா'வைப் பாருங்கள். 1940 தேர்தலில் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடித்து, விமானி லிண்ட்பெர்க் ஜனாதிபதி ஆகிறார். ஹிட்லரோடு சமாதானம். அவர் ஆட்சியில் அமெரிக்கா யுத்தத்துக்குப் போவதில்லை! கதை நியூவார்க் நகரத்து யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் நடக்கிறது. சொல்பவன் தபால்தலை சேர்க்கிற சின்னப் பையன். தன் ஆல்பத்தில் இருக்கும் தபால்தலைகள் மேல் ஸ்வஸ்திகா விழுந்திருப்பதாகக் கனவு கண்டு அலறுகிறான். குடும்பத்தோடு வாஷிங்டன் சுற்றிப்பார்க்கப் போனால், பதிவு செய்த ஓட்டல் அறை இல்லை என்கிறார்கள். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. அவரை வெகுதூரத்து மாநிலத்துக்கு மாற்றல் செய்கிறார்கள். அரசாங்கத் திட்டமாம், நல்லதுக்குத்தானாம். அவர் வேலையை விட்டுவிட்டு, அண்ணனின் காய்கறி மண்டியில் ராத்திரி வேலைக்குப் போகிறார். மாற்றல் உத்தரவு என்றால் என்னவென்று நம் குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அந்த வீட்டுக்கு யுத்தம் ஒரே ஒரு வழியில்தான் வருகிறது. பெரியப்பா மகன் கனடாப் படையில் சேர்ந்து சண்டைக்குப் போய், ஒரு காலை இழந்து திரும்புகிறான். அவனோடு ஒரே அறையில் படுக்கிற இந்தச் சின்னவன், அந்த மொண்டிக் காலுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொள்கிறான். எத்தனையோ யுத்த வர்ணனை படித்திருக்கிறேன். ஒன்றும் என்னை இவ்வளவு நேரம் புத்தகத்தை மூடிவைக்கச் செய்ததில்லை.

ஆனால் அன்றாட வாழ்க்கையைக் காட்டுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. "என்ன ஆட்சியானால் என்ன, சாப்பாடு கிடைக்கிறதே" என்று படிப்பவருக்கும் பழகிவிடும். ஃபிலிப் கே. டிக் அதைத் தெரிந்தே பயன்படுத்தினார். 'த மேன் இன் த ஹை காஸில்', 1962-ல் வந்தது. ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்து அமெரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட கதை. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வெள்ளைக்காரர் பழம்பொருள் கடை வைத்து ஜப்பானியர்களுக்கு விற்கிறார். அவர்கள் முன்னால் எப்படிக் குனிவது, எப்படிப் பேசுவது என்பதே அவருக்குப் பெரிய கவலை. ஆப்பிரிக்காவில் நாஜிகள் செய்த இன அழிப்பு போகிறபோக்கில்தான் கதையில் வருகிறது. கடைக்காரருக்கு அது தூரத்துச் சங்கதி. அந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நம் ஊரிலும் இப்படி எழுத விஷயம் கிடக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியானது. மிருகக்காட்சிசாலைச் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அவன் வரவில்லை. வந்திருந்தால் என்று யாராவது எழுதுவதானால், மெரினாவில் பீரங்கி இறக்க வேண்டாம். திருவல்லிக்கேணியில் பூட்டிவிட்டுப் போன ஒரு வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருபவர்களிலிருந்து ஆரம்பியுங்கள். எழுதினால் எனக்கு அனுப்புங்கள், சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.