பேதைக்கும் மங்கைக்கும் இடையில்

தமிழ் மரபு பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்தது. 5 முதல் 7 வயது வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, அதன்பின் மங்கை. இன்றைய மருத்துவமும் ஏறத்தாழ அந்த இடத்திலேயே கோடு கிழிக்கிறது. 8 வயது நிறையுமுன் ஒரு சிறுமிக்கு மார்பக வளர்ச்சி தொடங்கினால் அதனை முன்கூட்டிய பூப்பு என்கிறது. வயதால் பேதை, உடலால் மங்கை என்னும் இந்நிலைக்கு மரபில் பெயரில்லை. பெயரற்ற அந்நிலையில் நிற்கும் குழந்தை எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள்?

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது இப்பகுதிகள் கேரளத்தில் அமைந்தன. வழக்கங்கள் எல்லையைக் கேட்டு நடக்கவில்லை. தமிழகத்தைப் போலவே இங்கும் பூப்பு என்பது ஊரறியும் செய்தி. தாய்மாமன் சீர், மஞ்சள் நீராட்டு, பந்தி எனப் பலர் கூடும் நிகழ்வு. தேயிலைத் தோட்டத்து லயத்திலோ ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே ஒரு வீட்டின் இரகசியம் மறுவீட்டுக்கும் கேட்கும்.

அத்தகைய லயத்தில் வாழும் 7 வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் கூலியை இழந்து தாய் அவளை மலையிறக்கி நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறாள். கடைத்தெருவுக்குப் போதுமான மலையாளம் தாய்க்குத் தெரியும்; மருத்துவர் பேசும் மலையாளம் தெரியாது. பள்ளியில் அம்மொழி கற்கும் மகளே மொழிபெயர்க்கிறாள். தன் உடலைப் பற்றிய செய்தியை அவளே முதலில் கேட்டு, பாதி புரிந்து, பாதியைத் தாய்க்குச் சொல்கிறாள். ஆறுதல் பெறவேண்டிய குழந்தை, செய்தி சுமப்பவளாகிவிடுகிறாள்.

அவள் பெறவிருக்கும் ஊசியின் பின்னணி வியப்புக்குரியது. மூளையின் ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுத் துடிப்புகளாக ஒரு ஹார்மோனை அனுப்பும்போதுதான் பூப்பு முன்னேறுகிறது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் பிட்யூட்டரி சுரப்பி அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடும். குரங்குகளிடம் எர்னஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் இதனை நிறுவினர். இதே கோட்பாட்டில் அமைந்த மருந்தைச் சிறுமியருக்குத் தந்ததன் முதல் முடிவுகள் 1981இல் வெளியாயின. இன்று லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்றவை 28 நாளுக்கு ஒருமுறையோ 3 மாதத்துக்கு ஒருமுறையோ போடப்படுகின்றன. எலும்பு விரைந்து முதிர்ந்து உயரம் குன்றுவதை இம்மருந்து தடுக்க உதவுகிறது. எல்லாச் சிறுமியருக்கும் இது தேவைப்படுவதில்லை. மாற்றம் மெல்ல நகர்ந்தால் கண்காணிப்பே போதும்.

ஊசி உடலின் கடிகாரத்தை நிறுத்துகிறது. ஊராரின் பார்வையை அது நிறுத்துவதில்லை. வகுப்பில் உயரமானவள் என்பதால் ஆசிரியர் அவளிடம் பெரியவளின் பொறுப்பை எதிர்பார்க்கிறார். உறவினர் ஓடியாட வேண்டாம் என்கின்றனர். சீக்கிரம் பூப்படையும் சிறுமியரிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் தொடர்ந்து சொல்லி வந்துள்ளன. இதற்குக் காரணம் ஹார்மோன் மட்டுமே என எண்ணினால் பாதியைத் தவறவிடுவோம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தார். கடும் நெருக்கடிகளிடையே வளர்ந்தவர்களில் மூன்றிலொரு பங்கினர் திறமும் பரிவும் உள்ளவர்களாக உருவாயினர். நம்பத்தக்க ஒரு பெரியவரேனும் உடனிருந்தது அவர்களிடம் காணப்பட்ட முக்கியமான பொதுக்கூறு. மீள்திறன் அரிய வரமன்று, சாதாரண உறவுகளின் விளைவு என்று ஆன் மாஸ்டன் 2001இல் எழுதியதும் இதனையே வலியுறுத்துகிறது.

லயத்துச் சிறுமிக்கு அந்தப் பெரியவர் யார்? "எனக்கு என்னம்மா நோய்?" என்று பேருந்தில் அவள் கேட்கும்போது, "சும்மா இரு, யாரும் கேட்டுடப் போறாங்க" என்ற விடையும் கிடைக்கலாம், "நோய் இல்ல கண்ணு, உன் உடம்பு கொஞ்சம் அவசரப்படுது, ஊசி அதை மெதுவா நடக்கச் சொல்லும்" என்ற விடையும் கிடைக்கலாம். முதல் விடையில் அவள் வெட்கத்தைக் கற்கிறாள். இரண்டாவதில் தன்னைச் சொல்ல ஒரு வாக்கியத்தைப் பெறுகிறாள். முதல் ஊசிக்குப் பின் சிலருக்கு ஒருமுறை உதிரப்போக்கு ஏற்படலாம். முன்பே அறிந்தவள் அதைக் கடந்துவிடுவாள். அறியாதவள் ஊசியே தன்னைக் கெடுத்தது என அஞ்சுவாள். இரண்டாம் விடையைத் தருவதற்குத் தாய்க்கு முதலில் அச்செய்தி தமிழில் கிடைத்திருக்க வேண்டும்.

ஆகவே மீள்திறனை அளக்க விரும்பும் ஆய்வாளர், சிறுமியிடம் "நீ எவ்வளவு உறுதியானவள்?" என்று கேட்பதோடு நிற்கலாகாது. உனக்கு இதை யார் விளக்கினார், எந்த மொழியில், வேறு யார் கேட்டுக்கொண்டிருந்தனர் என்ற வினாக்களும் படிவத்தில் இடம்பெற வேண்டும். உறுதியைக் குழந்தையிடம் மட்டும் தேடினால், கலங்கிய குழந்தையின்மேல் பழியும் சேரும்.

பெரும்பாலும் 11 வயதையொட்டி ஊசி நிறுத்தப்படுகிறது. ஓராண்டோ சற்றுக் கூடுதலோ கழிந்து, தோழியரின் வயதில் பூப்பு வருகிறது. அப்போது அவள் மரபு சொன்ன மங்கை. அந்நாளில் மஞ்சள் நீராட்டு வேண்டுமா என்ற பேச்சு வீட்டில் எழும். தாய்மாமனைக் கேட்பார்கள், பாட்டியைக் கேட்பார்கள், நல்ல நாளும் பார்ப்பார்கள். நான்காண்டுகள் ஊசியைத் தாங்கியவளையும் ஒருமுறை கேட்க வேண்டும்.