பாதாமிப் பாறையும் கயிற்றின் மேலுறையும்

கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்திலுள்ள பாதாமி, சாளுக்கியர் குடைந்த குகைக் கோயில்களால் பெயர் பெற்ற ஊர். கோயில் குடைய இடம் கொடுத்த அதே செம்மணற்பாறை ஊரைச் சுற்றிலும் செங்குத்துச் சுவர்களாக நீள்கிறது. இந்தியாவில் ஸ்போர்ட் கிளைம்பிங் செய்கிறவர்கள் குளிர்கால மாதங்களில் வந்து சேரும் முக்கியமான களம் இது. பாறையில் துளையிட்டுப் போல்ட்டுகளை முன்பே பதித்து வைத்திருப்பார்கள். ஏறுபவர் கயிற்றின் நுனியை இடுப்பு ஹார்னெஸில் எட்டு வடிவ முடிச்சாகக் கட்டிக்கொண்டு, போல்ட்டுக்குப் போல்ட் குவிக்டிராவை (நாடாவில் கோத்த இரண்டு காரபைனர் கொக்கிகளை) மாட்டி, அதில் கயிற்றைப் போட்டபடி மேலே போவார். கீழே நிற்பவர் பிலே கருவி வழியாகக் கயிற்றை விட்டுக்கொடுப்பார். விழுந்தால் இறுக்கிப் பிடிப்பார். தடத்தின் உச்சியிலுள்ள ஆங்கரை எட்டியதும் அதே கயிற்றில் அமர்ந்து இறங்க வேண்டியதுதான். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது விளையாட்டு. அவர்களை ஏற்றி இறக்கும் பயிற்றுநர்களுக்குப் பிழைப்பு. சொந்தமாகக் கயிறு வாங்க நினைப்பவர் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் இந்தப் பயிற்றுநர்களின் பழைய கயிறுகளைப் பார்க்க வேண்டும் என்பேன்.

பார்த்தால், எல்லாக் கயிறும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கெட்டுப்போயிருக்கும். நிறம் மங்கியிருந்தாலும் நடுப்பகுதி உருண்டையாக, இறுக்கமாகவே இருக்கும். இரு நுனிகளிலும் கடைசி இரண்டு மூன்று மீட்டர் மட்டும் பிசிறடித்து, உப்பி, தொளதொளவென்று கிடக்கும். முடிச்சு விழுவது அங்கேதான். ஏறுபவர் தவறி விழும்போது காரபைனரின் வளைவில் அழுந்தி அவர் எடையைத் தாங்குவதும் அந்த மீட்டர்கள்தான். கிணற்றுக் கயிற்றில் வாளி கட்டும் முனை முதலில் இற்றுப்போவதும், அதை வெட்டிவிட்டு மிச்சத்தில் முடிச்சுப் போடுவதும் நமக்குப் பழக்கமான விஷயம். இங்கேயும் அதே கதிதான். இந்த விளையாட்டில் கயிற்றை ஒதுக்கிவைக்கக் காரணமாவது பெரும்பாலும் மேலுறையின் தேய்மானம். கயிற்றின் வலு அதற்குள் தீர்ந்துபோயிருக்காது. இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் எந்தக் கயிறு நீடிக்கும், எதற்குக் கொடுத்த காசு வீண்போகாது என்ற கேள்விகளுக்கு விடை தானாகவே வரும். உறை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று பாருங்கள். மற்றவை பிறகு.

கடைகளில் பேச்சு வேறு விதமாக நடக்கிறது. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் விழுகை எண்ணைக் காட்டி, ஆறு தாங்கும் கயிற்றைவிட ஒன்பது தாங்கும் கயிறு உயர்ந்தது என்பார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யுஐஏஏவும் இஎன் 892 என்ற ஐரோப்பியத் தரமும் வைத்திருக்கும் சோதனையில் 80 கிலோ எடையை 4.8 மீட்டர் விழவிடுகிறார்கள். அதைப் பிடித்து நிறுத்தும் கயிறு மூன்று மீட்டர்கூட இருக்காது. அதுவும் 5 மி.மீ. ஆரமுள்ள உலோக விளிம்பில் மடங்கியபடி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே கயிற்றில் அதே இடத்தில் மறுபடியும் விழவிடுவார்கள். ஒற்றைக் கயிறு என்று முத்திரை பெற இப்படி 5 முறையாவது அறாமல் தாங்க வேண்டும்; முதல் விழுகையின் அதிர்விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் இந்தச் சோதனையில் 1.7 வருகிறது. பாதாமியில் 15 மீட்டர் உயரத்தில் இருப்பவர் 3 மீட்டர் விழுந்தாலும் வகுத்து வருவது 0.2தான். முத்திரை பெற்ற எந்தக் கயிறும் இந்த விளையாட்டு கேட்பதைவிடப் பல மடங்கு வலுவோடுதான் ஆலையைவிட்டு வருகிறது. ஒன்பதுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது, வராத தேவைக்குக் கொடுப்பது. ஒருவர் மறுக்கலாம்: உயிர் விஷயத்தில் கூடுதல் வலு எப்படி வீணாகும்? வீணாகாது. ஆனால் அதே பணத்தில் கூடுதல் உறை கிடைக்குமானால், உயிரைக் காப்பதிலும் அதற்கே முதலிடம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

உறை என்று நான் சொல்வது கயிற்றின் பாதி உடம்பை. நைலான் வந்த புதிதிலும் மலையேறிகள் மூன்று புரியாக முறுக்கிய கயிற்றைத்தான் பயன்படுத்தினார்கள். சுமை தாங்கும் புரிகளே வெளியே பாறையில் உரசும். 1953இல் ஜெர்மனியின் இஸ்னி ஊரைச் சேர்ந்த எடல்ரிட் நிறுவனம் இரண்டு வேலைகளையும் பிரித்தது. முறுக்கிய மெல்லிய புரிகளை உள்ளே கட்டாக வைத்து, பின்னும் இயந்திரத்தில் நூற்கண்டுகளைச் சுற்றவிட்டு அதன்மேல் குழாய்போல் உறை பின்னினார்கள். இன்றைய பாறைக் கயிறுகள் அத்தனையும் இந்த அமைப்புதான். இழுவிசையில் பெரும்பங்கை உட்புரிகள் ஏற்கின்றன. உரசல், மணல், வெயில் முழுவதையும் உறை ஏற்கிறது. தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில் மொத்த எடையில் உறை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். பலர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மீட்டருக்கு 64 கிராம் உள்ள 9.8 மி.மீ. கயிற்றில் உறை 40 சதவீதம் என்றால் மீட்டருக்கு 25.6 கிராம் நைலான் தேய்வதற்காகவே இருக்கிறது. மீட்டருக்கு 55 கிராம், உறை 36 சதவீதம் என்று வரும் 9.2 மி.மீ. கயிற்றில் இது 19.8 கிராம். விட்டத்தில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம்; தேய்மானச் சரக்கில் கிட்டத்தட்ட 30 சதவீதம். உறை வழுகலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோதனையில் உட்புரிமேல் உறை 20 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்பது தரம்; பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஆங்கரிலிருந்து ஆளை இறக்கி இறக்கி உறை நழுவினால் நுனியில் உள்ளீடு இல்லாத வெற்றுக் குழாய் தொங்கும். உறையையும் உட்புரியையும் ஒட்டிவிடும் பியால் நிறுவனத்தின் யூனிகோர் போன்ற முறைகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டு. வெறும் நிறத்துக்கும் வடிவத்துக்கும் கொடுப்பதில் இல்லை. எடல்ரிட் தன் போவா ஈக்கோ கயிற்றை மிச்ச நூல்களைக் கொண்டே பின்னுகிறது. கயிற்றுக்குக் கயிறு நிறம் மாறும், தரம் மாறாது. கையில் குறைவாக இருப்பவர்கள் அந்த வகையைத் தேடலாம்.

மெல்லிய கயிறு இலேசானது, காரபைனரில் சுலபமாக விழும், கடினமான தடத்தில் ஒவ்வொரு கிராமும் கணக்கு என்பார்கள் தேர்ந்த ஏறிகள். நியாயம்தான், ஆனால் எவ்வளவு? மேலே சொன்ன இரண்டு கயிறுகளில் 15 மீட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு ஏறக்குறைய 135 கிராம் வித்தியாசம். தன் எல்லையைத் தொடும் தடத்தில் கடைசி முயற்சி செய்பவருக்கு அது பெரிது. அவர் மெல்லிய கயிற்றை அந்த முயற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். பழகுகிற, ஒரே நகர்வில் திரும்பத் திரும்ப விழுகிற, நண்பர்களையும் ஏற்றிவிடுகிற மற்ற எல்லாருக்கும் 9.7 முதல் 10 மி.மீ. வரைதான் சரி. கிரிகிரி போன்ற பிலே கருவிகள் ஏற்கும் விட்டமும் அதில் அடங்கும். கயிறு கைக்குள் நன்றாக அகப்படுவதால் பழகாத கைக்கும் பிடிப்பது எளிது.

நீளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. 25 மீட்டர் தடத்துக்குப் போகவர 50 மீட்டர், முடிச்சுக்கும் கீழே நிற்பவருக்கும் 5 மீட்டர், ஆக 55. 60 மீட்டர் கயிறு போதும் என்று வாங்குகிறவருக்கு மிச்சம் 5 மீட்டர். நைந்த நுனிகளை இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர் வீதம் ஒரு முறை வெட்டலாம். இன்னொரு முறை வெட்டினால் அந்தத் தடத்துக்கு அது குட்டை. 70 மீட்டர் வாங்கியவர் அதே போல மூன்று முறை வெட்டலாம். நீளம் கூடியது ஆறில் ஒரு பங்கு. விலையும் ஏறத்தாழ அந்த அளவே கூடும். புது முனை கிடைப்பதோ ஒன்றுக்கு மூன்று. வெட்டி வெட்டி எத்தனை நாள் ஓட்டுவது, நடுப்பகுதியும் தேயாதா என்று கேட்டால், தேயும். மூன்றாவது வெட்டுக்கு முன்பே சில கயிறுகள் முழுசாகவே ஓய்ந்துவிடும். அப்போதும் 60 மீட்டர்க்காரரைவிட இவர் முன்னால்தான் நிற்கிறார். ஆனால் இந்தச் சிக்கனத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெட்டிய கயிறு எத்தனை மீட்டர் என்பது வெட்டியவருக்கு மட்டுமே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தால் நடு அடையாளமும் நடுவில் இராது. ஆளை இறக்கும்போது கயிற்றின் முனை பிலே கருவியை விட்டு நழுவி ஏறுபவர் தரையில் விழும் விபத்துகள் உலகெங்கும் இன்னும் நடக்கின்றன. இரு பக்கமும் சமமாக வெட்டி, புது நீளத்தைப் பட்டையில் எழுதி முனையில் ஒட்ட வேண்டும். கீழ் முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் வெட்டக் கூடாது.

தண்ணீர் ஏறாத பூச்சு பூசிய கயிறு நீடிக்கும் என்பது இன்னொரு வாதம். நனைந்த நைலான் வலுவிழக்கும் என்பது உண்மை. பனியிலும் இமயத்திலும் அந்தப் பூச்சு அவசியம். எடையில் 5 சதவீதத்துக்கு மேல் நீர் ஏறக் கூடாது என்று யுஐஏஏ அதற்குத் தனித் தரமே வைத்திருக்கிறது. பூச்சு புழுதியையும் கொஞ்ச காலம் அண்டவிடாது. ஆனால் பாதாமியின் வறண்ட குளிர்காலத்தில் மணற்பாறை அதை வெகு சீக்கிரம் வழித்தெடுத்துவிடும். அந்தப் பணத்தைப் பத்து மீட்டர் நீளத்தில் போடுங்கள். மலிவு என்று விளம்பரமாகும் கயிறுகளில் எச்சரிக்கை தேவை. நுனிப் பட்டையில் வட்டத்துக்குள் 1 என்று இருந்தால்தான் ஒற்றைக் கயிறு. ½ என்றிருப்பது ஜோடியாகப் பயன்படுத்த வேண்டியது. இஎன் 1891 என்றிருப்பது நீட்சி குறைந்த ஸ்டாட்டிக் வகை. மீட்புப் பணிக்கும் தொங்கி வேலை செய்வதற்கும் உரியது. அதில் முன்னேறிப் போகிறவர் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் உடம்பிலும் போல்ட்டிலும் இறங்கும். பழைய கயிறு பாதி விலைக்கு வந்தாலும் வாங்க வேண்டாம்; அதில் என்ன பட்டிருக்கிறது என்று தெரியாது. பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்க்கப் புதிது போலவே இருக்கும். சிறு விழுகையிலும் அறும்.

வாங்கிய பிறகு கயிற்றின் ஆயுளைத் தீர்மானிப்பது பயிற்றுநர்களின் கைப்பழக்கம். பாதாமிப் பாறையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் செம்மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது உறையின் பின்னலுக்குள் புகுந்து, கயிறு வளையும்போதெல்லாம் உள்ளிருந்தே அறுக்கும். அதனால்தான் தேர்ந்தவர்கள் தார்ப்பாய் விரிக்காமல் கயிற்றைக் கீழே போடுவதில்லை, யாரையும் அதை மிதிக்கவிடுவதில்லை. இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்பிட்டு அலசி நிழலில் காயப்போடுகிறார்கள். டாப் ரோப் போடும்போது, அதாவது கயிற்றை உச்சி ஆங்கரில் முன்பே போட்டுவிட்டு ஆளை ஏற்றும்போது, நிலையான வளையத்தில் உரசவிடாமல் தங்கள் காரபைனர்களிலேயே ஓடவிடுகிறார்கள். நாள் முடிந்து கயிறு சுருட்டும்போது கவனியுங்கள். பேச்சு எங்கோ இருக்கும், விரல்கள் வேலையில் இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வோர் அடியாகக் கயிறு நகரும். காரபைனரின் அலுமினியக் கரி விரலில் கறுப்பாக ஒட்டியிருக்கும். சந்தேகம் தட்டிய இடத்தில் கை நிற்கும். அங்கே கயிற்றைச் சின்ன வளையமாக மடக்கிப் பார்ப்பார்கள். நல்ல கயிறு மடிய மறுத்து வட்டமாக நிற்கும். உட்புரி நொறுங்கிய இடம் சட்டென்று தட்டையாக மடியும். நுனிக்குப் பக்கம் என்றால் வெட்டு, நடுவில் என்றால் கயிறே போயிற்று. இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். பழகிய விரல்தான் வேண்டும்.

நவீனக் கயிறு அறுவதே இல்லையே, பிறகு ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்கள் உண்டு. ஜெர்மன் மலையேற்றச் சங்கத்தின் பாதுகாப்பு ஆய்வுக்குழுவைப் பல்லாண்டு நடத்திய பிட் ஷூபர்ட், கயிறு அறுந்த விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தவர். கூரிய விளிம்பும் அமிலமுமே காரணங்களாக மிஞ்சின. ஆக, கயிற்றுக்கு உண்மையான எதிரி விளிம்புதான்: பாறையின் உதடு, அல்லது நெடுநாள் தொங்கவிட்டு மணல் படிந்த கயிறு ஓடி ஓடிக் கத்தி முனையாகத் தேய்ந்த காரபைனர். அந்த எதிரிக்கும் உட்புரிக்கும் நடுவே நிற்பது உறை. தடித்த உறைக்கு முதலிடம் கேட்டதன் காரணம் சிக்கனம் மட்டுமில்லை என்று இதனால்தான் சொன்னேன். வாரந்தோறும் பயன்படுத்தினால் சுமார் ஓராண்டு, ஏறக்குறைய தினமும் என்றால் அதற்கும் குறைவு என்று தயாரிப்பாளர்களே பட்டியல் தருகிறார்கள். பயிற்றுநருக்குக் கயிறு ஒரு பருவத்துச் செலவு என்று பொருள். ஒரு நாள் கட்டணத்தில் பேரம் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குறைத்த பணம் பயிற்றுநரின் கூலியிலிருந்து மட்டும் போவதில்லை. அடுத்த கயிற்றை வாங்கும் நாளையும் தள்ளிப்போடுகிறது. கட்டணத்தைக் கேட்பதற்கு முன், இந்தக் கயிறு எப்போது வாங்கியது, கடைசியாக எப்போது வெட்டியது, இப்போது எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார். குறிப்பேட்டைத் திறந்து காட்டுவார்.