கம்பளை மணலும் கடலடிச் சேறும்

மகாவலியில் இடுப்பளவு நீரில் நின்று மணல் அள்ளுகிறவர்களுக்கு ஆற்றின் போக்கு காலாலேயே தெரியும். கம்பளைக்குக் கீழே ஆறு வளைகிற ஓரிடத்தில் அவர்களோடு ஒரு காலைப்பொழுது இருந்தேன். பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் மாணவி ஒருத்தியும் வந்திருந்தாள். அவள் கையில் மண்ணின் காந்த ஏற்புத்திறனை அளக்கும் சிறு கருவி. என்னிடம் பழைய ஒலிபெருக்கியில் கழற்றிய காந்தம்.

வளைவின் உட்கரையில், வெளிறிய மணலுக்கிடையே கறுப்புக் கோடுகள். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் இழுத்தேன். கம்பளிப்பூச்சி மயிர்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியது மக்னடைற்று என்ற இரும்புக் கனிமம்.

"இது எல்லா இடத்திலயும் கிடக்காது தம்பி. வெள்ளம் வடியக்குள்ள தண்ணி எங்க சோருதோ, அங்கதான் கறுப்பு தங்கும்" என்றார் மூத்தவர்.

"மழை கூடினா கறுப்பும் கூடுமா ஐயா?"

"முதல்ல செஞ்சேறுதான் மகள் வரும். கறுப்பு பிறகுதான்."

மாணவி இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுத வேண்டியதுதான். மக்னடைற்று வெளிறிய மணலிலுள்ள படிகக்கல்லைவிட ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தியானது. நீர் தளரும் இடத்தில் அதுதான் முதலில் படியும். கியூப் கணக்கில் மணல் ஏற்றிப் பிழைக்கிறவர் அனுபவத்தில் கண்டதும் இதைத்தான்.

கண்டி மலைப்பாறைகள் சிதைந்து உண்டாகும் நுண்துகள்கள் மகாவலியோடு இறங்கி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் சேர்கின்றன. கடலடியில் அவை ஆண்டாண்டாகப் படியும். குழாயை இறக்கி அந்தச் சேற்றை உருக்குலையாமல் தண்டாக எடுத்து அதன் காந்த ஏற்புத்திறனை அங்குலம் அங்குலமாக அளந்தால், நிலத்து மண் எப்போது மிகுந்து வந்தது, கடற்சிப்பிச் சுண்ணாம்பு எப்போது மிகுந்தது என்பது தெரியும். சுண்ணாம்பைக் காந்தம் ஈர்க்காது. 2015இல் ஜோய்டிஸ் ரெசொலூஷன் என்ற ஆழ்கடல் துளைப்புக் கப்பல் வங்கக் கடலில், புத்தளம் இருக்கும் அதே 8 பாகை வட அகலாங்கில், இமயமலை மண் படிந்த கடலடியைத் துளைத்துவிட்டுக் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கப்பலில், எடுத்த ஒவ்வொரு தண்டுக்கும் முதலில் நடந்த சோதனைகளில் காந்த அளவையும் ஒன்று.

ஆனால் காந்த அளவு ஏறியதை மட்டும் வைத்துக்கொண்டு மழை கூடியதென்று சொல்லிவிட முடியாது. 1987இல் ஓமானுக்கு அப்பால் அரபிக்கடலில் எடுத்த தண்டுகளில் காந்தம் ஏறிய அடுக்குகள் பெரும்பாலும் வறண்ட காலத்தவை. அராபியப் பாலைவனத்துத் தூசியைக் காற்று அள்ளிப்போட்ட காலம் அது. ஆற்று முகத்திலோ அதே ஏற்றம் மழையைக் குறிக்கலாம். போதாததற்கு, சேற்றிலுள்ள உயிர்ச்சத்து அழுகும்போது உருவாகும் சல்பைட்டு மக்னடைற்றையே கரைத்துவிடும். அப்போது பெருமழைக்காலத்து அடுக்கும் வறட்சிக்காலத்ததுபோலத் தோன்றும்.

மகாவலிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1976இல் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியா, அடுத்த ஆண்டு ரந்தெனிகல என அணைகள் எழுந்தன. கம்பளையைக் கடந்து போகும் மண்ணில் பெரும்பங்கு இப்போது நீர்த்தேக்கங்களின் அடியில் தங்கிவிடுகிறது. குடாவின் மேலடுக்கில் காந்தம் குறைந்திருந்தால் அதற்கு வானம் காரணமா அணை காரணமா என்று கடலுக்குள் இருந்து சொல்ல முடியாது. மேலாற்று மண்ணின் காந்த அளவு கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். இந்தக் கரையோர வேலையைச் சில்லறை வேலையாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொட்டியாரத்தில் சேறு எடுக்கப் போகிறவர்கள் முதலில் கம்பளைக்கு வாருங்கள். இந்த மண்ணை அளந்து, மணல் அள்ளுகிறவர்களிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன்பிறகு படகேறுங்கள்.