வளர்கிற பிள்ளைக்கு ஒரு வண்டி

பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பிக்கும்போது ஓரிரு அங்குலம் கூட்டித் தைப்பிப்பது நம்மவர் வழக்கம். வளர்கிற பிள்ளையன்றோ! அவ்வழக்கத்தைத் துவிச்சக்கரவண்டியிலும் கைக்கொண்டு நாம் அடைந்த வெட்கத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

நாம் இப்போது வாழ்வது ஹட்டன் பகுதியில். 14 வயதான எமது மகன் மலைப்பாதையில் ஓடும் சைக்கிளொன்று கேட்டான். 1990களில் செய்யப்பட்ட பழைய வண்டியொன்று மலிவாக அகப்பட்டது. அதன் இருக்கைக் குழாய் 19 அங்குல நீளம். நுனிக்காலில் நின்றும் மகனால் பாரைக் கடந்து நிற்க முடியவில்லை. “தம்பி வளரச் சரியாகிவிடும், சேர்” என்றார் விற்றவர். நாமும் தலையசைத்தோம். யாழ்ப்பாணத்தில் தந்தையாரின் றலி வண்டியில் பாருக்குள் கால்விட்டு ஓடிப் பழகியவர் அல்லவா நாம்!

மேட்டில் ஒருவாறு ஓட்டினான். இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான். “அப்பா, குப்புற விழுத்தப் பார்க்குது” என்றான். உனக்குத் துணிவு போதாது என்று அயலவர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டோம். அச்சொல்லுக்காகவே மறுவாரம் இறங்காமல் ஓட்டினான். தேயிலைச் சரிவின் வளைவொன்றில் முன்சில்லு கல்லில் முட்ட, அதற்கு மேலாக வீசப்பட்டு மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

கட்டுப்போட்ட கையுடன் அவன் வீட்டில் இருந்த நாள்களில் நாம் அவ்வண்டியை அளந்து பார்த்தோம். வாங்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை. முன்சில்லைச் சுவரில் முட்டவைத்து, பெடல் அச்சின் நடுவும் முன்கழுத்துக் குழாயின் உச்சியும் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று தூக்குக்குண்டு பிடித்து அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இதனை ‘ரீச்’ என்பர். பெடலில் எழுந்து நின்று ஓட்டுபவரின் உடலைச் சட்டம் எவ்வளவு முன்னே இழுக்கிறது என்பதைக் காட்டுவது இதுவே. இருக்கைக் குழாயின் நீளம் அதனைக் காட்டாது. எமக்குக் கிடைத்தது 41 சென்ரிமீற்றர். அதற்கு முன்னால் ஹாண்டிலைத் தாங்கும் தண்டு இன்னும் 12. ஆக 53. மகனுடைய உயரத்துக்கேற்ற இக்கால வண்டிகளில் இவ்விரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 45தான்.

இறக்கத்தில் உடலைத் தாழ்த்திப் பின்னே கொண்டுபோக வேண்டும். நீண்ட குழாயோ இருக்கையைத் தாழ்த்த இடந்தரவில்லை. இருக்கை பின்னால் தடுக்க, ஹாண்டில் முன்னால் இழுக்க, பிள்ளையின் பாரமெல்லாம் முன்சில்லின் மேலேயே விழுந்திருக்கிறது.

முன்கழுத்தின் சாய்வு மற்றொன்று. 1970களில் கலிபோர்னியாவின் தமல்பாயிஸ் மலையில் இவ்விளையாட்டைத் தொடங்கிய இளைஞர்கள் கழுத்து நன்கு சாய்ந்த பழைய சுவின் வண்டிகளையே எடுத்தாண்டனர். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கெனவே சட்டம் செய்தார். பின்னர் போட்டிகள் பெருகவே, மேடேறவும் விரைந்து திருப்பவும் வசதியாகக் கழுத்தை நிமிர்த்தினர். 1990களில் நிலத்துடன் 71 பாகை என்பது வழக்கமாயிற்று. எமது வண்டியும் அவ்வாறே. இன்று மலைப்பாதை வண்டிகள் பல 64 முதல் 66 பாகைக்கு மீண்டும் சாய்ந்துவிட்டன. சாய்ந்தால் முன்சில்லு ஓட்டுபவருக்கு முன்னே தள்ளி நிற்கும். கல்லில் முட்டினாலும் எளிதிற் கவிழாது. மெதுவாக மேடேறும்போது சற்று அலையும் என்பதும் உண்மையே.

சமதரையான யாழ்ப்பாணத்து வீதியில் இவற்றுள் எதுவும் எமக்குத் தெரிந்திராது.

அளவுகளை எழுதிய தாளை மகனிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, “அப்ப நான் பயந்தது பிழையில்லையா, அப்பா?” என்று கேட்டான். பிழை எம்முடையது என்றோம். அதனை அயலவர் முன்னிலையிலும் சொன்னோம். அதுதான் சற்றுக் கடினமாயிருந்தது.

இப்போது அவ்வண்டியை நாமே ஓட்டுகின்றோம். தண்டை மட்டும் 6 சென்ரிமீற்றராகக் குறைத்திருக்கின்றோம். மகனுக்கு அவனை நிறுத்தி அளந்து வேறொன்று வாங்கினோம். இறக்கத்தில் எம்மை முந்திப் போய், அந்த வளைவில் காத்து நிற்கிறான்.